பழைய லேப்டாப்பை விற்கப் போறீங்களா? ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணினா மட்டும் போதுமா?

புது லேப்டாப் வாங்கியாச்சு. பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம், இல்லேன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்கலாம். ‘ஃபைல் எல்லாம் டெலீட் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?’ என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

அமெரிக்காவின் எம்ஐடி-யில் படித்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வு மாணவர்கள், செகண்ட் ஹேண்டில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்தனர். அதில் 129 வேலை செய்தன. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12 தான். மற்றவற்றில் இருந்து 5,000-க்கும் அதிகமான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏடிஎம் மெஷினில் இருந்ததாகத் தெரிந்தது. ஆய்வு வெளியானது 2003-ல்.

‘அது பழைய கதை’ என்கிறீர்களா? 2022 செப்டம்பரில் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பழைய கணினிகளை அகற்றும் வேலையை, டேட்டா அழிப்பில் அனுபவமே இல்லாத பொருட்கள் இடமாற்றும் நிறுவனத்திடம் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களை அந்த நிறுவனம் பாதுகாக்கத் தவறியதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. சில கருவிகள் டேட்டாவோடு ஆன்லைன் ஏலத்தில் விற்பனைக்கே வந்துவிட்டன.

டெலீட் செய்தால் என்ன ஆகிறது?

ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போடுவது போலத்தான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். ‘குயிக் ஃபார்மட்’ செய்வதும் இதேதான். மேலே புது ஃபைல் எழுதப்படும் வரை, ரெகுவா, ஃபோட்டோரெக் மாதிரியான இலவச மென்பொருட்களே பழைய படங்களை எடுத்துக் கொடுத்துவிடும்.

முதல் வேலை: டிஸ்க் நல்லா இருக்கா?

அழிப்பதற்கு முன் காப்பி எடுக்கணும். காப்பி எடுக்கும் முன், டிஸ்க்கின் நிலைமையைத் தெரிஞ்சுக்கணும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச டூலைத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ ரிப்போர்ட் ஒரு நொடியில் வந்துவிடும். ‘ரீஅலோகேட்டட் செக்டார்’, ‘பெண்டிங் செக்டார்’ என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகுதுன்னு அர்த்தம்.

ஆனால் ‘குட்’ என்று காட்டினாலும் முழுசா நம்பிவிட முடியாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான ஸ்மார்ட் அறிகுறி எதையுமே காட்டவில்லை.

எச்சரிக்கை காட்டினால் உடனே ‘செக் டிஸ்க்’ ஓட்டுவதுதான் பலரும் செய்வது. அது ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் டூல், டேட்டாவைக் காப்பாற்றும் டூல் இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மேலும் ஓட வைத்து, இருப்பதையும் இழக்க நேரலாம். முதலில் காப்பிதான். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். பவரை நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி நிபுணரிடம் கொண்டு போங்க. ஃப்ரிட்ஜில் வெச்சா சரியாகிடும்னு ஒரு டிப்ஸ் சுத்துது. உள்ளே ஈரம் கோர்த்து இன்னும் கெட்டுப்போகத்தான் வாய்ப்பு அதிகம்.

காப்பி எடுப்பதில் எங்கே தப்பு நடக்கும்?

நல்ல டிஸ்க் என்றால் ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்யலாம். விண்டோஸோடு மொத்தமாக வேண்டும் என்றால் குளோன்ஸில்லா போன்ற டூலில் ‘குளோன்’ எடுக்கலாம். பழுதான டிஸ்க்குக்கு லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ தான் சரி. சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்றுவிடும். இது படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

குளோனில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எந்த டிஸ்க்கில் இருந்து, எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்தால், காலி டிஸ்க் உங்கள் கல்யாண ஃபோட்டோ டிஸ்க்கின் மேல் எழுதப்படும். அவ்வளவுதான், திரும்ப வராது. டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். காப்பி முடிந்ததும் நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள்.

இப்போ அழிக்கலாம்

ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டா காலத்தில் இருந்தே, முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதுகிறது. நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 1 டிபி டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம் ஆகும். 35 முறை அழிக்கணும் என்பது 1996-ல் பீட்டர் குட்மேன் அன்றைய டிஸ்க்குகளுக்காக எழுதிய ஆய்வில் இருந்து வந்தது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை போதும்.

விண்டோஸ் இருக்கும் டிரைவை இப்படி ஃபார்மட் பண்ண முடியாது. அதற்கு செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ போய், ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, ‘கிளீன் டேட்டா’வையும் ஆன் செய்யணும்.

எஸ்எஸ்டி-க்கு கணக்கே வேறு. ஒரே இடத்தில் திரும்ப எழுதச் சொன்னாலும் அது உள்ளுக்குள் வேறு செல்லில் எழுதும். அதனால் மேலே எழுதி அழிப்பது நம்பகமானது இல்லை. டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் டூலிலோ பயாஸிலோ இருக்கும் ‘செக்யூர் எரேஸ்’ தான் சரி. லேப்டாப் வாங்கிய நாளிலேயே பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னும் சுலபம். சாவி அழிந்தால் டேட்டா வெறும் குப்பைதான்.

கடைசியாக, அழித்த டிஸ்க்கில் ரெகுவாவை நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபோட்டோ திறந்தாலும் மறுபடி அழியுங்கள். கம்ப்யூட்டரில் தெரியவே மாட்டேங்குது என்ற நிலையில் இருக்கும் டிஸ்க்கை அழிக்க எந்த மென்பொருளும் உதவாது. அதை விற்காமல், உள்ளே இருக்கும் வட்டத் தட்டுகளில் டிரில் போட்டுத் துளைத்துவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.