கொடுத்து வாங்கும் கணினிகள்

கணினிகளைப் பிணைக்க இரு முறைகள் உள. ஒன்றில், சரக்கனைத்தும் தலைமைக் கணினியிடம் இருக்கும். ஏனையவை கேட்டுப் பெறும். வங்கிக் கணக்குக்கு இதுவே தக்கது. ஏடு ஓரிடத்தில் இல்லையேல் தணிக்கை ஏது? ஆனால் தலைமைக் கணினி நின்றால் யாவும் நிற்கும். மற்றொன்றில், ஒவ்வொரு கணினியும் கொடுக்கும், வாங்கும். அங்கத்தினர்களுக்கு இம்முறை அந்நியமன்று.

அமெரிக்காவில் 1999-இல் ஷான் ஃபானிங் என்னும் இளைஞர் அமைத்த நாப்ஸ்டரில் இசைக்கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. எவரிடம் எது உள்ளதென்னும் பட்டியல் மட்டும் நிறுவனத்திடம் இருந்தது. பதிப்புரிமை வழக்கு எழுந்தது. 2001 ஜூலையில் பட்டியல் மூடப்பட்டது. கொடுக்கல் வாங்கலும் அத்துடன் ஓய்ந்தது.

2000-இல் தோன்றிய நுடெல்லாவிலோ பொதுப் பட்டியலே இல்லை. ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளை வினவும். அவை தம் அண்டையை வினவும். மூடுவதற்கு நடுவிடம் இல்லை. நோய் வேறிடத்தில் இருந்தது. பயனர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பையும் பகிரவில்லை என்று அவ்வாண்டே அடார், ஹூபர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் கண்டனர். சங்கங்களின் பதிவேடுகளைப் பார்வையிட்டுப் பழகிய நமக்கு இவ்விகிதம் வியப்பளிக்கவில்லை!

2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டாரண்ட் உபதேசம் செய்யவில்லை, விதி செய்தது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். பெற்ற துண்டைப் பிறர்க்கு வழங்குபவருக்கே பிறரும் முந்தி வழங்குவர். ஆகவே, முழுக்கோப்பும் வந்து சேருமுன்னரே வாங்குபவர் கொடுப்பவராகிவிடுகிறார். கோப்பு நிறைவுற்றதும் வெளியேறிவிடுவோரை மட்டும் அவ்விதியாலும் தடுக்க இயலவில்லை.