நந்தனார் (1942 திரைப்படம்)

நந்தனார் 1942-ல் வெளியான தமிழ்த் திரைப்படம். ஜெமினி நிறுவனத்துக்காக எஸ்.எஸ். வாசன் தயாரிக்க, முருகதாசா இயக்கினார். நந்தனாராக எம்.எம். தண்டபாணி தேசிகரும் வேதியராக செருகளத்தூர் சாமாவும் நடித்தனர். படத்தை முழுதாகப் பார்த்திராதவர்களுக்கும் அதன் பாடல்கள் தெரியும்.

கதை மூலம்

ஆதனூரில் தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன், தில்லைக்கு நாளை போவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்ததால் திருநாளைப்போவார் எனப்பட்டார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. தன் பிறப்பை எண்ணி அவரே தயங்குகிறார். 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதிதான் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தார். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார் அந்த வேதியர். அடியார் கதை அங்கே பண்ணையாளின் கதையாகவும் ஆகிவிடுகிறது. படம் இன்றும் மனதைத் தொடுவதற்கு இந்த மாற்றமே முதல் காரணம். ஒரு நாள் விடுப்புக்காகக் கெஞ்சி நிற்பவனைப் புரிந்துகொள்ளப் பக்தி தேவையில்லை.

இசை

1935-ல் வந்த பக்த நந்தனாரில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்ச ரூபாய் ஊதியம் அந்நாளில் பெரும் பேச்சாக இருந்தது. ஆனாலும் நிலைத்தது 1942-ன் படமே. தேவாரம் பாடும் மரபில் வந்த தேசிகர், சொல் சிதையாமல் பாடக்கூடியவர். பாபநாசம் சிவன் லதாங்கி ராகத்தில் இயற்றிய 'பிறவா வரம் தாரும்' இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படுகிறது.

காலமும் பொருந்தி வந்தது. 1939-ல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்திருந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. தேசிகர் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பணியாற்றினார். திரையில் சிதம்பரத்துக்கு ஏங்கியவர் நிஜத்தில் சிதம்பரத்துக்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

சிதம்பரத்தில் நந்தனார்

நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் ஓமக்குளம் சிதம்பரத்தில் உள்ளது. சுவாமி சகஜானந்தா 1916-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இவ்வூரில் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரையே வைத்தார்.

மறுவாசிப்புகள்

கோயிலுக்குள் வர ஒருவன் ஏன் தீக்குளிக்க வேண்டும் என்ற கேள்வி படத்தின் உச்சகட்டத்தை விட்டு விலகுவதில்லை. படத்தின் புகழ் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது என்றே சொல்லலாம். என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' என்ற காலட்சேபத்தை உருவாக்கினார். அது நல்லதம்பி (1949) படத்தில் இடம்பெற்றது. கிந்தன் போக விரும்புவது சிதம்பரத்துக்கு அல்ல, பட்டணத்துக்கு, படிப்பதற்காக. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்திலோ தீ, மேல்சாதியினரின் சூழ்ச்சியாகவே வருகிறது.