ஏழாண்டுச் செலவு, அறுபதாண்டு வரவு

மாணவர்களே! கடையில் வாங்கும் தேங்காய்க்கு அன்றைய விலையைக் கொடுத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். அக்காயைத் தந்த மரமோ முப்பது அல்லது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடப்பட்டதாக இருக்கலாம். நெல் பயிரிடும் உழவர் நான்கைந்து திங்களில் தம் வரவு செலவை அறிந்துகொள்வார். தென்னை வைப்பவரின் கணக்கு ஒரு தலைமுறைக்குள் முடிவதில்லை. அக்கணக்கு எவ்வாறு நடக்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கன்றும் காத்திருப்பும்

தென்னங்கன்றைத் தமிழர் 'தென்னம்பிள்ளை' என்பர். பிள்ளையைப் போலவே அதையும் பல ஆண்டுகள் பேணி வளர்க்க வேண்டும். நெட்டை இனத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன் தரும். குட்டை இனம் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதன் வாழ்நாள் குறைவு. இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி 1930களில் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்று கேரளத்தில் உள்ளதுமான நீலேசுவரம் ஆய்வுப் பண்ணையில் நெட்டையையும் குட்டையையும் கலந்து ஒட்டுத் தென்னையை உருவாக்கினர்.

தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். ஒரு மரத்துக்கு 625 சதுர அடி என்று கொண்டால், 43,560 சதுர அடி உள்ள ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 70 கன்றுகளை நடலாம். குழி தோண்டுதல், கன்று வாங்குதல், நீர் பாய்ச்சுதல், எரு இடுதல், காவல் ஆகிய செலவுகள் யாவும் முதலாண்டிலேயே தொடங்கிவிடும். வரவு மட்டும் ஏழாம் ஆண்டுவரை வராது.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஓர் உழவர் ஒரு இலட்சம் ரூபாயைத் தோப்பில் போடாமல் ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டி தரும் வைப்பில் இட்டார் எனக் கொள்வோம். ஏழாண்டில் அத்தொகை ஏறத்தாழ 1,60,000 ரூபாயாக வளர்ந்திருக்கும். ஆகவே, தோப்பு அவருக்குத் திருப்பித் தர வேண்டியது போட்ட முதலை மட்டுமன்று. அம்முதல் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியையும் சேர்த்தே ஆகும்.

கன்றைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பொறுப்பும் இதனால்தான் பெரியது. நெல் விதை தவறிப்போனால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். தரமற்ற கன்றை நட்டவருக்கோ அதன் குறை ஏழாண்டு கழித்தே தெரியவரும். எனவேதான் நன்கு காய்க்கும் நடுவயது மரங்களைத் தாய்மரங்களாகத் தெரிந்தெடுத்து, அவற்றின் நெற்றுகளை நாற்றங்காலில் இடுவர். முளைத்தவற்றுள்ளும் தடித்த கழுத்தும் மிகுந்த இலைகளும் உடைய கன்றுகளையே நடவுக்கு எடுப்பர்.

இடைக்காலத்து வருவாய்

ஏழாண்டும் வருவாயின்றி ஒரு குடும்பம் வாழ இயலுமா? இயலாது. அதற்கு உழவர் கண்ட வழியே ஊடுபயிர். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடும். அதாவது, தென்னைக்கென விட்ட நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே அது பயன்படுத்துகிறது. எஞ்சிய நிலத்தில் நிலக்கடலை, பயறு, வாழை, காய்கறி முதலியவற்றை முதல் ஏழாண்டுகளில் பயிரிடலாம்.

அதன்பின் ஓலைகள் விரிந்து நிழல் அடர்ந்துவிடும். ஏறத்தாழ எட்டாம் ஆண்டு முதல் இருபத்தைந்தாம் ஆண்டு வரை தோப்பினுள் சில பயிர்களே செழிக்கும். மரங்கள் நன்கு உயர்ந்தபின் மீண்டும் வெயில் உள்ளே இறங்கும். அப்போது கோகோ, சாதிக்காய், தென்னையின் மீதே படரும் மிளகு ஆகியவற்றை வளர்க்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தோப்புகளில் இக்காட்சியைக் காணலாம்.

விலையும் வானமும்

காய்ப்பு தொடங்கிய பின்னரும் கணக்கு எளிதாகிவிடுவதில்லை. நன்கு பேணப்படும் நெட்டை மரம் ஒன்று ஆண்டுக்கு 80 காய்கள் தருவதாகக் கொண்டால், 70 மரங்கள் 5,600 காய்கள் தரும். ஒரு காயின் விலை 15 ரூபாயாக இருந்தால் வரவு 84,000 ரூபாய். 10 ரூபாயாகக் குறைந்தால் 56,000 ரூபாய். நீர், எரு, காய் பறிப்போரின் கூலி ஆகியவை விலையோடு சேர்ந்து குறையா. நெல் விலை வீழ்ந்தால் மறு பருவத்தில் வேறு பயிருக்கு மாறலாம். தென்னை விலை வீழ்ந்தால், 'வெட்டிவிடலாமா, பொறுத்திருக்கலாமா?' என்னும் வினா எழும். வெட்டியபின் விலை ஏறினால் பயனில்லை. மீண்டும் ஏழாண்டு காத்திருக்க வேண்டும்.

வறட்சியும் இவ்வாறே. ஒரு தேங்காய், பாளை வெடித்ததிலிருந்து முற்றுவதற்கே ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அப்பாளையோ அதற்கும் நெடுநாள் முன்னரே மரத்தின் குருத்தினுள் உருவாகத் தொடங்கிவிடும். ஆதலால் இவ்வாண்டு மழை பொய்த்தால் அதன் விளைவு அடுத்து வரும் ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும்.

ஓரிரவில் இழந்த ஆண்டுகள்

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல இலட்சம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பல இடையிலே முறிந்தன. நெற்பயிர் அழிந்தால் இழப்பு ஒரு பருவத்தது. முப்பது வயதுத் தென்னை சாய்ந்தால், பேணி வளர்த்த முப்பது ஆண்டுகளோடு இனி அது காய்த்திருக்கக்கூடிய ஆண்டுகளும் போய்விடுகின்றன.

சாய்ந்த மரங்களுக்கு அரசு இழப்பீடு அறிவித்தது. பணத்தைக் கொண்டு கன்று வாங்கலாம். முப்பது வயது மரத்தை வாங்க இயலாது. 2019இல் நட்ட நெட்டைக் கன்று 2025 அல்லது 2026இல்தான் காய்க்கத் தொடங்கும். புயலின்போது ஐம்பது வயதான ஓர் உழவர், தாம் இழந்த தோப்புக்கு நிகரான தோப்பை மீண்டும் காண எண்பது வயதாகும். அங்ஙனம் இருந்தும் அப்பகுதி மக்கள் பலர் மீண்டும் தென்னையையே நட்டனர். தம் காலத்தில் வரும் வரவை மட்டும் பார்த்து அவர்கள் நடவில்லை. கணக்கின் பிற்பகுதியைத் தம் மக்களின் பெயரில் எழுதினர்.

உங்களுள் பலருடைய குடும்பத்துக்கும் ஊரில் ஒரு தென்னையோ, மாவோ, புளியோ இருக்கக்கூடும். நீங்கள் விடுமுறைக்குச் செல்லும்போது உண்ணும் காய், யாரோ ஒருவர் காத்திருந்த ஆண்டுகளின் வரவாகும்.

பயிற்சி

1. ஏழாண்டுக் காத்திருப்புக்கு விலை உண்டு என்பதைச் சான்றுடன் விளக்குக.
2. எட்டாம் ஆண்டு முதல் இருபத்தைந்தாம் ஆண்டு வரை ஊடுபயிர் குறைவதற்குக் காரணம் என்ன?
3. இரண்டு ஏக்கர் தோப்பில் மரத்துக்கு 80 காய்கள், காய்க்கு 12 ரூபாய் எனில் ஓராண்டு வரவைக் கணக்கிடுக.
4. உங்கள் குடும்பத்தார் ஊரில் வைத்த மரம் ஒன்றைப் பற்றி வீட்டில் கேட்டறிக. அதை நட்டவர் யார், எந்த ஆண்டில் நட்டார், அதன் பயனை யார் பெறுகின்றனர் என்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.