ஆறாம் தந்திக்குள் ஒரு காந்தாரம்

கிதார் கற்க வருகிற பிள்ளைகளில் பலர் கண்ணால்தான் வாசிக்கிறார்கள். கார்டு படத்தை மனப்பாடம் செய்து ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குத் தாவும்போது விரல் பிசகுவதில்லை. “இப்ப எந்த சுரம் மாறிச்சு, பாடிக் காட்டு” என்றால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் என் வகுப்பில் ஈ மேஜரை மீட்டிவிட்டு, மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுக்கச் சொல்வேன். ஜி ஷார்ப் போய் ஜி வரும், மேஜர் மைனராகிவிடும். மற்ற ஐந்து தந்திகளில் எந்த மாற்றமும் இல்லை. கர்நாடக சங்கீதக் கணக்கில், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது. அந்த ஒரு சுரத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்து வாயால் பாட வேண்டும். பாட வராத சுரத்தைக் காது இன்னும் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, முனகினால் போதும்.

காது கொஞ்சம் தேறியதும் புகார் வரும். “சார், ட்யூனர்ல பச்சை விளக்கு எரியுது, ஆனா ஈ மேஜர் கரகரன்னு கேக்குது.” மூன்றாம் தந்தியை ஒரு துளி இறக்கினால் ஈ மேஜர் இனிக்கும். அடுத்து சி மேஜரைப் பிடித்தால், அதே தந்தியில் ஜி தாழ்ந்து நிற்கும். கிதாரில் பழுதில்லை.

வீட்டில் செய்து பாருங்கள். ஆறாம் தந்தியை நான்காம் ஃப்ரெட் கம்பிக்கு மேலே, ஒரு நூல் தலைப்பக்கம் தள்ளி, அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். மணி போல ஒரு சுரம் எழும். திறந்த தந்தியின் 82.4 ஹெர்ட்ஸை ஐந்தால் பெருக்கினால் வருகிற 412 ஹெர்ட்ஸ் அது. அது அடங்குமுன் முதல் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இதுவும் ஜி ஷார்ப்தான், ஆனால் 415.3 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது ஒலி நொடிக்குச் சுமார் மூன்று முறை ஏறி இறங்கும். தம்பூராவின் மந்தர ஸட்ஜத்தில் தானாக எழும் சுயம்பு காந்தாரமும் இந்த ஐந்தாம் மடங்குதான். பாட்டுப் படித்த பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வியப்பில்லை.

ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்குவதால் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு காந்தாரத்தின் தலையில் விழுகிறது. ஒரு கூற்றை நூறு சென்ட் என்று வைத்தால், பஞ்சமம் 2 சென்ட் மட்டுமே தாழ்கிறது. அந்தர காந்தாரம் 14 சென்ட் உயர்ந்துவிடுகிறது. இது தெரிந்தால் ட்யூனரோடு சண்டை போடத் தேவையில்லை.

அடுத்தது பேஸ். பாட்டைக் கேட்டு கார்டு கண்டுபிடிக்கிறவர்கள் மேலே ஒலிப்பதைத் துரத்துகிறார்கள். நான் கீழிருந்து தொடங்கச் சொல்வேன், அதுவும் இளையராஜா பாட்டென்றால் கட்டாயம். சி மேஜரில் சி, ஈ, ஜி. ஏ மைனரில் ஏ, சி, ஈ. இரண்டு சுரம் பொது. மேலே சி மேஜர் அப்படியே ஒலிக்க, பேஸ் மட்டும் ஏ-வுக்கு இறங்கினால் அது ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். கிதாரை மட்டும் கேட்டு எழுதிய கார்டு ஷீட்டுகள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.