பழைய சில்லும் விற்பவர் நாணயமும்

கார் போய்விட்டாலும் அதன் சில்லுகள் எளிதில் வீட்டை விட்டுப் போவதில்லை. கொட்டிலின் மூலையிலே நான்கு சில்லுகளும், சாக்கிற் சுற்றிய சில இரும்புத் தண்டுகளும் கிடப்பதைப் பல வீடுகளிற் காண்கிறோம். அவற்றுக்கு மதிப்பும் உண்டு. 2020 ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேதான் கார்கள் மீண்டும் வரத் தொடங்கின. பழைய காரைக் காப்பாற்ற விரும்புவோர் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளோடு நில்லாது, வீடுகளையும் நாடுவதுண்டு.

அப்படி ஓர் இளைஞர் நம்மிடமும் வந்தார். அவருடையது மொறிஸ் மைனர். நம்மிடம் இருந்தவையும் அதன் உறுப்புகளே. நான்கு சில்லுகளுக்கும் புதுவர்ணம் பூசி வைத்திருந்தோம். அவற்றுள் ஒன்றில் வெடிப்பை ஒட்டிய வடு வர்ணத்தின் கீழ் மறைந்திருந்தது. அவர் அதைக் காணவில்லை, நாம் அறிந்திருந்தோம். சொல்வதா, விடுவதா என்று ஒரு கணம் மனம் தடுமாறியது உண்மை. சொல்லிவிட்டோம். அவர் மூன்றை வாங்கிச் சென்றார். நான்காவதை அறுத்துப் பழைய இரும்போடு சேர்த்தோம்.

கடையிலே வாங்கியவர் குறை கண்டால் கடைக்குத் திரும்பிச் செல்லலாம். தனியாரிடம் வாங்குபவருக்கோ விற்பவரின் வாய்ச்சொல்லே சாட்சி. ஆதலின், கேளாமலே சொல்ல வேண்டியவை சில உள.

முதலாவது அளவு. மைனரின் சில்லில் நான்கு துளைகள் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. அதாவது 101.6 மில்லிமீற்றர். சிறிய யப்பானியக் கார்கள் பலவற்றில் இவ்வட்டம் 100 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் மாற்றிப் பூட்டினால் சில்லு நடுவிற் செம்மையாக அமராது. நாளடைவில் ஆணிகள் தளரவோ முறியவோ கூடும்.

இரண்டாவது ரயரின் வயது. அதன் பக்கத்திலுள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் அதனைக் காட்டும். 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமற் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும்.

மூன்றாவது, முன்சில்லுகளைத் தாங்கும் உறுப்புகள். மைனரில் முன்பாரத்தைத் தாங்குவன நீண்ட முறுக்குத் தண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு திசையிலே முறுகிப் பழகியது; ஆகவே இடம், வலம் என்று அடையாளமிட்டே கொடுத்தல் வேண்டும். சில்லைத் திருப்பும் அச்சின் கீழ்முனை மரையுள்ள பொருத்தொன்றில் இயங்குகிறது. ஒழுங்காகக் கிறீஸ் இடாவிடின் மரை தேய்ந்து, ஒருநாள் பொருத்து கழன்று, முன்சில்லு மடிந்து விழும். தேய்ந்த மரையைத் துடைத்து மினுக்கி விற்பவர், அவ்வண்டியிற் செல்லும் குழந்தைகளையும் நினைத்தல் வேண்டும்.

இவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்: எந்தக் கார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனை ஆண்டு கிடந்தது, அறிந்த குறை யாது. வாங்குபவரிடம் அதனைக் கொடுத்த பின்னரே விலை பேசுங்கள்.

பிறர் பொருளையும் தன்னுடையதுபோல் மதிப்பதே வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. நம் மகன் ஓட்டும் காரில் பூட்டத் துணியாத சில்லை, அயலார் மகனுக்கு விற்கலாமா? அந்த இளைஞர் பின்னரும் நம்மிடம் வந்தார். இம்முறை தம் நண்பரையும் அழைத்து வந்தார்.