படக்கதையில் யார் பேசுகிறார்கள்?

படக்கதை என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பதும், பாடநூலுக்குள் ஒளித்துவைத்து நாம் படிப்பதும் இன்று நேற்று வந்த பழக்கமல்ல. படிக்கலாமா, கூடாதா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். படித்தபின் அதைப்பற்றி என்ன சொல்கிறோம் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். "விறுவிறுப்பாக இருந்தது" என்பது மதிப்புரை ஆகாது, தோழியரே!

நம் நெல்லைச் சீமைக்கு வடக்கே உள்ள சிவகாசியிலிருந்துதான் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டன. கதைகள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா, இத்தாலி நாட்டவை. மொழி மட்டுமே நம்முடையது. ஆகவே, அவற்றை வரைந்தவர்கள் கருநிற மக்களை எப்படிக் கண்டார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மந்திரவாதி மாண்ட்ரேக்கின் தோழன் லோதாரைப் பாருங்கள். பிறப்பால் ஆப்பிரிக்க இளவரசன். அரியணையைத் துறந்து வந்தவன். ஆயினும், 1934-இல் தொடங்கிய அக்கதையில் அவனுக்குக் கிடைத்தது சிறுத்தைத் தோலும் கொச்சை ஆங்கிலமும்தான். மாண்ட்ரேக் சிந்திப்பார், லோதார் தூக்குவான், அடிப்பான். 1965-இல் வேறோர் ஓவியர் பொறுப்பேற்ற பிறகே அவன் திருத்தமாகப் பேசலானான். இரண்டு காலத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், விளக்கமே வேண்டியதில்லை.

இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லர் வேறு வகை. நவஜோ பழங்குடிப் பெண் லிலித்தை மணந்து, அம்மக்களின் தலைவனாகிறார். வெள்ளை வணிகர்கள் விற்ற அம்மைக்கிருமி படிந்த கம்பளிகளால் லிலித் மாள்கிறாள். இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1763-இல் பிட் கோட்டையில் பிரிட்டிஷார் அம்மை மருத்துவமனைக் கம்பளிகளைப் பழங்குடியினர்க்குக் கொடுத்தது வரலாற்றில் பதிவாகியுள்ளது. எமக்கு இக்கதை பிடிக்கும். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது: நவஜோக்களுக்குத் தலைவனாக ஒரு நவஜோ போதாதா?

படத்தில் இருப்பவரைப் பார்த்தாயிற்று. இல்லாதவரையும் தேட வேண்டும். அந்தப் புத்தகங்கள் அச்சாகிய அதே சிவகாசி வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், நம்மினும் இளைய சிறுமியர் விடியுமுன் பேருந்தேறித் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றனர். குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர். அவர்களில் எத்தனை பேரால் ஒரு மாயாவி கதையை எழுத்துக்கூட்டியாவது படிக்க முடிந்திருக்கும்? தீப்பெட்டி, பட்டாசு, பீடித் தொழில்களில் 14 வயது நிரம்பாதவரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தாரோடு செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. பீடி சுற்றும் ஊர்களில் இந்த விலக்கின் பொருள் என்னவென்று நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகுடன் அமர்ந்திருக்கும் பெண்ணை எந்தப் படக்கதையிலும் நாம் கண்டதில்லை. வரைய வல்ல தோழியர் முயலலாமே! நான்கு கட்டங்கள் போதும். முதலில் இலை வெட்டுகிறாள். அடுத்து, தூள் வைத்துச் சுற்றுகிறாள். பிறகு, கட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு நடக்கிறாள். நான்காவதில், பீடிக்கடையில் ஒரு பிடி பீடியைக் கழித்துத் தள்ளுகிறார்கள். அதற்குக் கூலி இல்லை. அந்தக் கட்டத்தில் பேச்சுக்குமிழியை அவள் தலைக்கு மேலே போடுங்கள்.