தஞ்சோங் மாலிம்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்வி நகரம்



கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் மேற்படிப்புப் பேச்சை எடுத்தால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது: "அவ்வளோ தூரம் புள்ளய எப்படி சார் தனியா அனுப்பறது?" நல்ல தேர்ச்சி பெற்றும் இந்தப் பயத்தால் விண்ணப்பமே போடாத பிள்ளைகள் உண்டு. ஊர் தெரியாததால் வரும் பயம் இது. ஆகவே, ஆசிரியராக விரும்பும் பலர் நாடும் தஞ்சோங் மாலிமைப் பற்றி விளக்கமாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

பேராக் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. பெர்னாம் ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம்ம சிலாங்கூரின் உலு பெர்னாம். அந்தப் பக்கம் தஞ்சோங் மாலிம். இதே ஆறுதான் மேற்கே ஓடி, சபாக் பெர்னாம் பக்கம் கடலில் கலக்கிறது. ரவாங் வரை வந்துவிட்டால் கொமுட்டர் ரயில் உண்டு. செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு தாண்டினால் கடைசி நிலையம் தஞ்சோங் மாலிம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுத் திரும்பக்கூடிய தூரந்தான்.

எப்படிக் கல்வி நகரமானது?

1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1922-இல், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அது மலாய் ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கிய கல்லூரி. 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று நாம் 'உப்சி' என்று சொல்வது அதைத்தான். அங்கே இப்போது தமிழ்மொழிக் கல்வியியலிலும் பட்டம் பெறலாம். செம்பனைக் காட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே வளாகத்தில் ஆசிரியராகப் பயில்கிறார்கள்.

வாழ்க்கை எப்படி?

வளாகங்கள் இரண்டு. பழையது பட்டணத்தை ஒட்டியது; புதியது சில கிலோமீட்டர் தள்ளி, புரோட்டோன் சிட்டி பக்கம். எந்த வளாகத்தில் வகுப்பு, எங்கே விடுதி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து நேரத்தை வைத்துத்தான் உங்கள் நாளே நகரும். பிறகு வெளியே வாடகை வீடு எடுக்க நேரிட்டால், நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பது செலவைக் குறைக்கும்.

பெரிய கேளிக்கை ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகள், பெயர்பெற்ற பாவ், அடிக்கடி மழை, தூரத்தில் மலை. விடுமுறை விட்டால் ஊரே அமைதியாகிவிடும். படிக்க வந்தவருக்கு அது நல்லதே. ஆனால் முதல் மாதம் மனசு வீட்டையே சுத்தும். அது பலவீனம் இல்லை. பக்கத்து அறைப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். பேசுங்கள்.

பணம் குறித்தும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பி.டி.பி.டி.என். கிடைத்தாலும் அது கடன்தான். முதல் பணம் கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் என்ன வழி என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

மாணவர்களே, "தமிழ் எடுத்தா மொத்த ரிசால்ட் இறங்கிடும்" என்று சொல்லி எஸ்.பி.எம். தேர்வில் தமிழை விட்டுவிடாதீர்கள். விட்டவருக்குத் தமிழாசிரியர் ஆகும் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

இன்னொன்று. 'நான் பயில விரும்பும் இடம்' போன்ற தலைப்பில் கட்டுரை எழுதும்போது "அழகான நகரம், அமைதியான சூழல்" என்று பொதுவாக எழுதி நிறுத்தாதீர்கள். ஆறு, ரயில், ஆண்டு, செலவு என்று விவரமாக எழுதுங்கள். கருத்துக்கு எடுத்துக்காட்டும் விளக்கமும் சேர்ந்தால்தான் கட்டுரை நிற்கும்.

ஆசிரியர்களே, முடிந்தால் விடுமுறையில் நான்கு மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் ஒருநாள் ரயிலேற்றி அழைத்துச் செல்லுங்கள். பழைய வளாகத்துக் கல்வி அருங்காட்சியகத்தைக் காட்டுங்கள். நாம் பத்துத் தடவை சொல்வதைவிட, அப்பா ஒருமுறை நேரில் பார்ப்பது மேல். "தூரம்" என்ற சொல் அன்றைக்கே பாதி குறைந்துவிடும்.